வண்டிக் கதவைச் சாத்தியதும் ஐரீன் கேட்பது

திருவொற்றியூர் தேரடிக்குச் சற்றுத் தள்ளி ஒரு வேப்பமரத்தின் நிழலில் நிற்கும் 108 ஆம்புலன்ஸில் ஐரீன் மருத்துவ உதவியாளராக இருக்கிறாள். பிறந்து வளர்ந்தது ராயபுரம். அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். விலங்கியல் படித்துவிட்டு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கொஞ்ச காலம் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகி, மகள் ஜானட் பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகு இந்த வேலைக்கு வந்தாள். கணவன் பாஸ்கல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஏன் ஆம்புலன்ஸ் என்று யாராவது கேட்டால், பரிசோதனைக் கூடத்தில் ஜன்னல் இல்லை என்பாள். அதற்கு மேல் காரணம் எதுவும் அவளுக்குத் தோன்றியதில்லை.

அந்தப் பக்கத்து அழைப்புகள் அங்குள்ள தொழில்களைப் போலவே கனமானவை. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிக்கு அடியில் சிக்கிய பைக். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு சரிந்து நசுங்கிய கால். படகிலிருந்து தவறி விழுந்தவர், மூச்சு முட்டிய முதியவர், ஆட்டோவிலேயே பனிக்குடம் உடைந்த கர்ப்பிணி. இவற்றுக்கு நடுவே இன்னொரு வகையும் வரும். பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர்கள், மாடிப்படியில் தவறியவர்கள், கதவில் இடித்துக்கொண்டவர்கள். இவர்களில் பெரும்பாலோர் பெண்களாகவே இருப்பதையும், விழுந்த கதையை அவர்களுக்குப் பதிலாக வேறொருவர் சொல்வதையும் கவனிக்க ஐரீனுக்கு அதிக நாள் ஆகவில்லை. கவனித்தாள், கட்டுப்போட்டாள், ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டாள். வேறு என்ன செய்யலாம் என்று தெரியவில்லை.

ஒரு பயிற்சி வகுப்பில்தான் வழி கிடைத்தது. சட்ட மருத்துவம் படித்த ஒரு பெண் டாக்டர் வந்து பேசினார். நோயாளியைத் தனியாக வைத்துக் கேளுங்கள், சுற்றி வளைக்காமல் கேளுங்கள் என்றார். இல்லை என்று சொன்னால் விட்டுவிடுங்கள், ஆனால் கேட்காமல் மட்டும் இருக்காதீர்கள் என்றார். இன்னொன்றையும் சொன்னார். கழுத்தைப் பிடித்து நெரித்தால் வெளியே தடமே இல்லாமல் போகலாம். உள்ளே வீங்கி, மறுநாள்கூட உயிர் போகலாம். கழுத்தில் கை வைத்தவன் அடுத்த முறை எங்கே நிறுத்துவான் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதைக் கேட்டுவிட்டு வந்து எத்திராஜிடம் சொன்னாள். எத்திராஜ்தான் அந்த வண்டியின் ஓட்டுநர். ஐம்பதை நெருங்குகிறவர், வியாசர்பாடிக்காரர். எந்தச் சந்தில் எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

"ஏத்துறது, எறக்குறது. நம்ம வேல அவ்ளோதாம்மா," என்றார் எத்திராஜ். "வூட்டு மேட்டர்ல பூந்தா பேஜாரு. நாளைக்கே புருசன், பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்துக்குவாங்கோ. நீயும் நானும் ஸ்டேசன்ல நின்னுகினு இருப்போம்."

"நான் எங்கண்ணா பூர்றேன்? கேக்கத்தானே போறேன்."

"கேட்டா மட்டும் சொல்லிடுவாங்களா?"

"சொல்ல மாட்டாங்க. ஆனா ஒருத்தி கேட்டான்றது அவங்களுக்கு ஞாபகம் இருக்குமில்ல?"

அடுத்த வாரமே எத்திராஜ் ஒரு பெண்ணை ஏற்றியபோது, கூடவே ஏறப்போன கணவனின் தோளில் கை போட்டு, "நைனா, நீ முன்னாடி வா" என்று அழைத்துப் போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அது அவருடைய வேலை ஆயிற்று. முன் சீட்டில் அவர் பேசத் தொடங்கினால் கிரிக்கெட்டோ மீன் விலையோ ஆஸ்பத்திரி வாசல் வரை ஓயாது. பின்னால் என்ன பேசினாலும் முன்னால் கேட்காது. பின்கதவைச் சாத்தியதும் ஐரீன் தன் கேள்வியைக் கேட்பாள்.

சுகிர்தத்தை அவள் முதலில் பார்த்தது ஒரு மழைக்காலக் காலையில். காலடிப்பேட்டைப் பக்கம் ஒரு மாடி வீடு. கூப்பிட்டது கணவன். பெயர் தவசிமுத்து. தெற்கிலிருந்து பிழைக்க வந்து, சாத்தாங்காட்டில் ஓர் இரும்புக் கடையில் லாரிகளுக்குச் சரக்கு ஏற்றிவிடும் பொறுப்பில் இருந்தான். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை, தணிந்த குரல்.

"வாங்க சிஸ்டர். பாத்ரூம்ல வழுக்கிட்டா. என்ன செய்ய, பார்த்து நடன்னு எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டா."

நாற்காலியில் முப்பது வயது இருக்கக்கூடிய ஒரு பெண் புருவத்தில் துண்டை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பேரு இன்னாம்மா?"

"சுகிர்தம்," என்றான் தவசிமுத்து.

"எங்க வலிக்குது?"

"நெத்தியில மட்டுந்தான் சிஸ்டர். வேற ஒண்ணுமில்ல."

"சார், தலையில அடிபட்டவங்க அவங்களேதான் பேசணும். பேச்சு கொளறுதான்னு நான் பாக்கணும்," என்றாள் ஐரீன். அது உண்மைதான். அவன் வாயை மூடிக்கொண்டான்.

துண்டை எடுத்துக் காயத்தைத் துடைக்கும்போது சுகிர்தத்தின் கைகளைப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே, வெளிப்பக்கமாக, நீலத்தில் சில தடங்கள், மஞ்சளாக மங்கிய சில. முகத்தின் மேல் வரும் அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினால்தான் அந்த இடத்தில் படும். பாத்ரூம் கதவு திறந்திருந்தது. தரை காய்ந்து கிடந்தது. உள்ளறைக் கதவோரம் ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். அம்மாவின் நெற்றியில் ரத்தம் வழிந்துகொண்டிருக்க, அந்தக் குழந்தை அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே வண்டியருகே எத்திராஜ் தயாராக இருந்தார். "சார், நீங்க முன்னாடி குந்துங்க. ரோட்ட அங்கங்க தோண்டி வச்சிக்கீறானுங்கோ. ரெண்டு கண்ணுக்கு நாலு கண்ணா இருந்தா நல்லது."

பின்கதவைச் சாத்தி, வண்டி நகர்ந்ததும் ஐரீன் சுகிர்தத்தின் அருகே குனிந்தாள்.

"சுகிர்தம், இந்த மாதிரி அடியோட வர்ற எல்லார்கிட்டயும் நான் ஒண்ணு கேப்பேன். உன்ன யாராச்சும் அடிச்சாங்களா?"

சுகிர்தத்தின் பார்வை முன்பக்கத் தடுப்புக்குப் போய்த் திரும்பியது.

"இல்லக்கா. வழுக்கிட்டு."

"சரிம்மா."

கட்டின் ஓரத்தை ஒட்டினாள். நாடியை மறுபடி பார்த்தாள். பிறகு யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். "அப்படி யாருக்காச்சும் நடந்தா, அவங்க டாக்டர்கிட்ட சொல்லலாம். டாக்டர் எழுதுவாங்க, ஆஸ்பத்திரில இருக்குற போலீஸ் வந்து கேப்பாங்க. அப்ப இன்னா சொல்றதுன்றது அவங்க முடிவு. நூத்தி எண்பத்தொண்ணுன்னு பொம்பளைங்களுக்கு ஒரு நம்பர் கீது. தங்க எடம், வக்கீலு எல்லாம் காசு வாங்காம ஏற்பாடு பண்ணுவாங்க. இன்னொண்ணு மட்டும் கேட்டுக்க. கழுத்துல மட்டும் யாராச்சும் கைய வச்சா, வலி இல்லன்னாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துடணும். காத்துகினு இருக்கக் கூடாது."

சுகிர்தம் கண்களை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அவள் டாக்டரிடமும் வழுக்கிவிட்டது என்றே சொன்னாள். ஐரீன் தான் பார்த்ததை, கைகளில் இருந்த பழைய தடங்களையும் சேர்த்து, டாக்டரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

திரும்பும் வழியில் எத்திராஜ் கேட்டார். "சொன்னுச்சா?"

"இல்ல."

"நாமளே போலீசுக்கு ஒரு போனைப் போட்டா இன்னா?"

முதலில் வேண்டாம் என்று தடுத்தவரே இப்போது இப்படிக் கேட்டது ஐரீனுக்குச் சிரிப்பை வரவழைத்தது. ஆனால் அதை அவளும் யோசிக்காமல் இல்லை. போலீஸ் வரும். அவன் தணிந்த குரலில் பேசி அனுப்பிவிடுவான். கதவைச் சாத்திய பிறகு அந்த வீட்டுக்குள் இருக்கப்போவது சுகிர்தம்தான். எப்போது கிளம்பினால் உயிரோடு கிளம்பலாம் என்பது மற்ற எல்லாரையும்விட அவளுக்குத்தான் தெரியும். அதுவுமில்லாமல், அந்த வீட்டில் எதை எடுத்தாலும் அவளுக்காக வேறொருவர்தான் பேசுகிறார், வேறொருவர்தான் முடிவு செய்கிறார். நானும் போய் அவளுக்காக ஒரு முடிவு எடுத்தால் அவளுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? இப்படியெல்லாம் நினைத்தாள். நினைத்தாலும், அடுத்த அழைப்பு அவள் உயிர் போன பிறகு வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளைவிட்டுப் போகவேயில்லை.

சில வாரங்கள் கழித்து அதே வீட்டிலிருந்து அழைப்பு வந்தபோது, ஐரீன் இரண்டிரண்டு படியாக ஏறினாள். ஆனால் இந்த முறை படுத்துக் கிடந்தது தவசிமுத்துவின் அம்மா. ஊரிலிருந்து வந்திருந்தவர், சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்துவிட்டார். வேர்த்துக் கொட்டி நினைவு தடுமாறிக் கிடந்தார். தவசிமுத்து அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதுகொண்டிருந்தான். "அம்மா, என்னப் பாரும்மா, என்னப் பாரும்மா" என்று அவர் கன்னத்தைத் தடவினான். அது நடிப்பில்லை. ஐரீனை மிகவும் குழப்பியது அதுதான். இந்தக் கைக்கு இப்படித் தடவவும் தெரிந்திருக்கிறது.

ஊசி போட்டு, அவர் கண் திறந்ததும், "சர்க்கரத் தண்ணி கொஞ்சம் வேணும்" என்று சொல்லி ஐரீன் எழுந்து சமையலறைக்குப் போனாள். சுகிர்தம் டம்ளரில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். கரண்டி டம்ளரில் மோதும் சத்தத்துக்கு அடியில், தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"யக்கா, பொய் சொல்லி வண்டியக் கூப்பிட்டா கேஸ் போடுவாவளா?"

"இன்னா பொய்?"

"நெஞ்ச அடைக்குன்னு."

ஐரீன் ஒரு கணம் நின்றாள். "உனக்கு அடைக்கலையா?"

சுகிர்தத்தின் கை நின்றது. டம்ளரை நீட்டினாள்.

"அடைச்சா கூப்புடு," என்றாள் ஐரீன். "உன் போன்லருந்துதான் கூப்புடணும்னு இல்ல."

அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ரஹீமுன்னிசா என்றொரு பெண்மணி குடியிருந்தார். வீட்டிலேயே மெஷின் போட்டுப் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவர். மேலே நடப்பது எல்லாம் அவர் கூரை வழியாகக் கேட்கும். பல தடவை கதவைத் தட்டி, "தம்பி, இன்னா சத்தம்?" என்று கேட்டிருக்கிறார். ஒன்றுமில்லை பாட்டி என்று தவசிமுத்து மரியாதையாகச் சொல்லி அனுப்புவான். மாமியார் ஊருக்குத் திரும்பிய பிறகு, பள்ளி விடுமுறை நாள் ஒன்றில், நல்ல வெயில் நேரத்தில், சுகிர்தம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவந்து ரஹீமுன்னிசாவின் வாசலில் உட்கார்ந்தாள். நெஞ்சு வலிக்கிறது, 108-க்குப் போன் போடுங்கள் என்றாள். அவளுடைய போனை முந்தின நாளே தவசிமுத்து எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

முகவரியைக் கேட்டதுமே எத்திராஜ் சைரனைப் போட்டுவிட்டார்.

சுகிர்தம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றித் துப்பட்டா. "நெஞ்சு வலிக்குக்கா" என்றாள். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. ஐரீன் அவளுக்கு எதிரே மண்டியிட்டாள். நாடி வேகமாக ஓடியது. ஆக்சிஜன் அளவு பரவாயில்லை. எச்சிலை விழுங்கச் சொன்னாள். சுகிர்தம் விழுங்க முயன்று முகத்தைச் சுளித்தாள். கீழ் இமையை விரலால் மெதுவாக இழுத்துப் பார்த்தாள். வெள்ளை விழியிலும் இமைக்குள்ளும் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள். துப்பட்டாவை விலக்க வேண்டிய தேவையே இல்லை. பயிற்சி வகுப்பில் அந்த டாக்டர் காட்டிய படத்தைத்தான் அவள் இப்போது நேரில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ஸ்ட்ரெச்சர். நடக்க வுடக் கூடாது," என்றாள்.

ஏற்றிக்கொண்டிருக்கும்போது தவசிமுத்துவின் பைக் வந்து நின்றது. யாரோ போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

"என்ன சிஸ்டர் இது? நான் ஆட்டோல கூட்டிட்டுப் போறேன். இதுக்குப் போயி வண்டிய எல்லாம் கூப்பிட்டுக்கிட்டு."

"சார், குரல் போயிருக்கு. முழுங்க முடியல. தொண்டை வீங்குதுன்னா ஆட்டோல போறப்பவே மூச்சு நின்னுடும். ஆக்சிஜனோடதான் கொண்டு போவணும்." எப்படி வீங்கியது என்று அவள் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அவன் கோபப்படுவதற்கு ஒரு சொல்லைக்கூட அவள் அவனிடம் கொடுக்கவில்லை.

அவன் ஒரு நொடி தடுமாறினான். பிறகு மகளைப் பார்த்தான். "சரி. பாப்பா என்கூட இருக்கட்டும்."

சுகிர்தம் ஸ்ட்ரெச்சரிலிருந்து எழப் பார்த்தாள். குழந்தை எந்தப் பக்கமும் நகரவில்லை. ரஹீமுன்னிசா பாட்டி சட்டென்று குழந்தைக்கும் அவனுக்கும் நடுவே வந்தார். "தம்பி, புள்ள அம்மா கூடப் போவட்டும். தாயக் கொண்டு போற நேரத்துல புள்ளயப் பிரிக்காதே" என்றார். தெருவில் நாலு பேர் கூடியிருந்தார்கள். அதற்குள் எத்திராஜ் குழந்தையைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டார். "சாரா கண்ணு, நீதான் சைரன் போடணும், இன்னா? சார், நீங்க பைக்ல பின்னாலயே வாங்கோ." சாரா என்ற பெயரை அவர் எப்போது கேட்டு வைத்திருந்தார் என்று ஐரீனுக்குத் தெரியவில்லை.

வண்டி கிளம்பியது. தலையைச் சற்று உயர்த்திப் படுக்க வைத்து, ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்தினாள்.

"யக்கா," சுகிர்தம் முகமூடியை விலக்கினாள். "நெஞ்சு வலிக்கல. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும். பேசாத. தலைய மட்டும் ஆட்டு. கழுத்த புடிச்சானா?"

ஆட்டினாள்.

"நேத்தா?"

ஆட்டினாள். கண்ணின் ஓரத்திலிருந்து நீர் காதுக்குள் ஓடியது. "கண்ணு இருட்டிட்டுக்கா. பாப்பா கத்துனது மட்டும் கேட்டுது. பெறவு அதுவும் கேக்கல."

ஐரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா கேட்டுக்க. நீ பொய் சொல்லல. நிஜமாவே இது ஆம்புலன்ஸ் கேஸ்தான். நேத்தே வந்திருக்கணும், இன்னிக்காச்சும் வந்தியே. நீ செஞ்சது சரி."

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். என்ன காயம், எப்போது நடந்தது, என்னென்ன அறிகுறிகள் என்று சொல்லிவிட்டு, "கணவர் பின்னாலேயே வர்றார். பேஷண்ட தனியா வைக்கணும். போலீஸ் அவுட்போஸ்ட்ல ஒரு லேடி கான்ஸ்டபிள் இருந்தா சொல்லி வைங்க" என்றாள்.

"நூத்தி எண்பத்தொண்ணுக்கு நான் போன் போடவா? நீ சொன்னாதான் போடுவேன்," என்று சுகிர்தத்திடம் கேட்டாள்.

சுகிர்தம் பின்கதவுக் கண்ணாடியைப் பார்த்தாள். வெளியே கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் சத்தம். கண்ணாடி வழியே பைக்கின் முகப்பு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. ஐரீன் மறுபடி கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்கு அன்று மிகவும் கஷ்டமாக இருந்தது. வண்டி ஒரு பாலத்தின் மேல் ஏறி இறங்கிய பிறகு, முகமூடிக்குள்ளிருந்து காற்றாக ஒரு சொல் வந்தது.

"போடுங்க."

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் காத்திருந்தார். கூடவே ஒரு பெண் காவலரும். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. எத்திராஜின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த சாராவையும் நர்ஸ் உள்ளே அழைத்துக்கொண்டார். பைக்கை நிறுத்திவிட்டு ஓடிவந்த தவசிமுத்துவைப் பெண் காவலர் கதவருகே நிறுத்தினார். அவன் இப்போதும் தணிந்த குரலிலேயே பேசிக்கொண்டிருந்தான். ஐரீன் உள்ளே சென்று தான் பார்த்ததை ஒவ்வொன்றாக டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் உடனே கழுத்துக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சுகிர்தம் அவரிடம் இந்த முறை வழுக்கிவிட்டது என்று சொல்லவில்லை.

அதற்கு மேல் நிற்க முடியவில்லை. மணலிப் பக்கம் ஒரு விபத்து என்று அடுத்த அழைப்பு வந்துவிட்டது. இந்த வேலையில் அப்படித்தான். கதையின் நடுவில் வந்து நடுவிலேயே போய்விட வேண்டும்.

வீட்டில் பாஸ்கலிடம் நோயாளியின் பெயர் எதையும் அவள் சொல்வதில்லை. ஆனால் அன்று அவள் முகத்தைப் பார்த்து அவனே கேட்டான். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள்.

"அந்த ஆளு உன்னத் தேடிகினு வந்தா இன்னா பண்ணுவே?"

"வந்தா பாத்துக்கலாம்."

"அது பதிலா ஐரீனு?"

அவள் தட்டைக் கழுவப் போனாள். பாஸ்கல் பின்னாலேயே வந்து, "வந்தா ஒடனே எனக்குப் போன் பண்ணு. எத்திராஜண்ணன வுட்டுத் தனியா நிக்காத" என்றான். வேலையை விடு என்று அவன் சொல்லிவிடுவானோ என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். அவன் சொல்லவில்லை.

தவசிமுத்து வந்தான். ஒரு காலையில், வண்டி நிற்கும் வேப்பமரத்தடிக்கே. சட்டை கசங்கியிருந்தது. சவரம் செய்யவில்லை. கையில் ஓர் இளஞ்சிவப்புப் பள்ளிப் பை.

"பாப்பாவோட பேகு சிஸ்டர். ஸ்கூல் தொறந்துட்டு. புத்தகம் எல்லாம் இதுலதான் இருக்கு. அவங்க எங்க இருக்காங்கன்னு சொல்லுங்க, குடுத்துட்டு வந்திருதேன். உள்ள கூடப் போவ மாட்டேன்."

எத்திராஜ் வண்டியிலிருந்து இறங்கிவந்து ஐரீனின் பக்கத்தில் நின்றார்.

"பேஷண்ட எறக்கி வுட்டதுக்கப்புறம் எங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார்," என்றாள் ஐரீன். "தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. பேக ஸ்டேஷன்ல குடுங்க. அவங்க சேத்துடுவாங்க."

அவன் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். "நான் ஏதோ கொலகாரன்னு நினைக்கீங்க. அவளுக்கு நான் என்ன கொறச்சேன்? நீங்களும் ஒரு குடும்பத்துப் பொம்பளதான. ஒரு குடும்பத்தப் பிரிச்சிட்டு உங்களுக்கு ராத்திரி தூக்கம் வருதா?"

தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பையின் ஜிப்பில் ஒரு சின்னப் பொம்மை தொங்கியது. அதைப் பார்த்தபோது ஐரீனுக்கு இரக்கம் வந்தது. அவன் மேலா, குழந்தை மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அம்மாவை மடியில் போட்டுக்கொண்டு அழுதவனும் இவன்தான். ஆனால் இமைக்குள் இருந்த சிவப்புப் புள்ளிகளையும் அவள் பார்த்திருந்தாள்.

"நீங்க நல்லவரா கெட்டவரான்னு சொல்றது என் வேல இல்ல சார்," என்றாள் மெதுவாக. "கழுத்த நெரிச்சா ஆளு செத்துடுவாங்க. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தச் சொற்களை அவனிடம் அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை போலும். ஏதோ பேச வாயெடுத்தான். பிறகு பையை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து பஸ் நிற்கும் பக்கமாக நடந்து போய்விட்டான். எத்திராஜ் பையைத் தட்டித் தூசி போக்கி எடுத்துக்கொண்டார். வேலை முடிந்ததும் தாமே காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். "போய்ச் சேந்துடும்னு சொன்னாங்கோ" என்று மறுநாள் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொம்ம கீதே, அது ஒரு கண்ணு இல்லாத பொம்மம்மா" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

அதன் பிறகு அவன் வரவில்லை. காலடிப்பேட்டை வீட்டிலிருந்தும் அழைப்பு வரவில்லை. வேறு வீடுகளிலிருந்து வந்தன. ஐரீன் கேட்டாள். பெரும்பாலோர் இல்லை என்றார்கள். ஒரு பெண், "உன் வேலையப் பாருடி" என்று திட்டினாள். பெட்ரோல் பங்க்கில் வேலை செய்யும் ஒரு பெண் கேள்வி முடியும் முன்பே ஆமாம் என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து கணவனோடேயே வீட்டுக்குத் திரும்பிப் போனாள். அவள் திரும்பி வருவாளா, எப்போது வருவாள் என்று தெரியாது.

அடுத்த ஆண்டு உறவில் ஒரு கல்யாணத்துக்காக ஜானட்டுக்குத் துணி எடுக்க ஐரீன் வண்ணாரப்பேட்டைக்குப் போனாள். கூட்டத்தில் இடிபட்டு ஒரு ரெடிமேட் கடைக்குள் நுழைந்தபோது, பாவாடை தாவணிப் பகுதியில் துணிகளை மடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். சுகிர்தம்.

இருவருமே ஒரு கணம் நின்றார்கள். சுகிர்தத்தின் பக்கத்தில் வேலை செய்யும் பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியுமோ, தெரியாதோ. ஐரீன் தெரியாதவளைப்போலப் பார்வையை ஹேங்கருக்குத் திருப்பிக்கொண்டாள். சுகிர்தம்தான் சுற்றிவந்து பக்கத்தில் நின்றாள்.

"பாப்பாவுக்காக்கா?"

"ஆமாம்மா. பத்தாவது படிக்குது."

துணிகளை எடுத்துப் போட்டபடியே, விலை சொல்லும் குரலில், சுகிர்தம் சொல்லிக்கொண்டு போனாள். 181 வழியாகக் கிடைத்த விடுதியில் சில மாதம் இருந்தாள், பிறகு மூலக்கொத்தளம் பக்கம் ஓர் அறை எடுத்தாள். வழக்கு நடக்கிறது. கிட்டே வரக் கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கியாயிற்று. அவளுடைய அண்ணன், சேர்ந்து போய் இருந்துகொள் என்று ஊரிலிருந்து இன்னும் போன் பண்ணிக்கொண்டிருக்கிறான். சாரா புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள்.

"நடுவுல ரெண்டு தடவ திரும்பிப் போயிரலாம்னு பைய எடுத்துட்டேன்கா," என்றாள். "ஒரு தடவ பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டேன்."

ஏன் போகவில்லை என்று ஐரீன் கேட்கவில்லை. சுகிர்தத்தின் குரலில் இன்னும் ஒரு கரகரப்பு இருந்தது. அது அப்படியே நின்றுவிடும் என்று ஐரீனுக்குத் தோன்றியது. போன் நம்பர் வாங்கிக்கொள்ளலாமா என்று நினைத்தாள். சுகிர்தமாகத் தராதவரை வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

ஜானட்டுக்குப் பிடிக்கும் என்று ஓர் அடர்சிவப்புப் பட்டுப் பாவாடையை ஐரீன் கையில் எடுத்தாள். சுகிர்தம் கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அதை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

"இது சாயம் போவும்கா. தண்ணில போட்டா மத்த துணியும் கெட்டுரும்," என்றாள். "அந்தா, அந்தப் பக்கம் பச்சை தொங்குது பாருங்க. அத எடுங்க. நான் சொல்லுதேன்ல."

ஐரீன் பச்சையை எடுத்துக்கொண்டாள்.